வன்னியில் வசந்தம் எங்கே தெரியும்?

வாசகர் கேள்வி, பெப்ரவரி 9, 2025

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் பனி உருகப்போகுது, பூ வரப்போகுது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவன். எனக்குத் தெரிந்து எங்களுக்கு மாரி ஒன்று, கோடை ஒன்று. வசந்தம் பாட்டிலும் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் மட்டும்தான். வன்னியில் வசந்தத்தின் முதல் அடையாளம் இதுதான் என்று யாராவது ஒன்றையாவது காட்டுங்கள், பார்ப்போம்.

பெப்ரவரி 9, இரவு

வவுனியா அண்ணைக்கு என் பதில்: குயில். விடியப்புறம் நாலரை மணிக்குக் கிணற்றடி வேம்பிலிருந்து அது கூவினால் எனக்கு வசந்தம் வந்துவிட்டது. இன்று காலையும் கூவியது.

பெப்ரவரி 10

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். படுத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த முறை தைப்பொங்கலுக்கு முதல் கிழமையே இரண்டு மூன்று தரம் குயில் கூவியது. அன்றைக்கு மழைத் தூறலும் இருந்தது. அதை வசந்தம் என்று யார் சொல்வார்கள்?

குயில் வெளியூர் போய் வரும் பறவை இல்லை. ஆண்டு முழுக்க இங்கேதான் இருக்கிறது, மாரியில் அதிகம் வாய் திறக்காது, அவ்வளவுதான். கூவுவது கறுத்த உடம்பும் சிவந்த கண்ணும் உள்ள ஆண். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி தெளித்த பெட்டைக்கு அந்தக் குரல் கிடையாது, அது 'கிக் கிக்' என்று கத்திக்கொண்டு கொப்புக்குக் கொப்பு தாவும். ஆகவே ஒரு குயில் ஒரு நாள் கூவியதை அடையாளமாக எடுக்கக் கூடாது. ஒன்று கூவ, பக்கத்து வளவில் இன்னொன்று பதில் கொடுக்க, இரண்டும் மாறி மாறிச் சுருதியை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தப் போட்டி இன்னும் தொடங்கவில்லை.

குயிலுக்கு இரண்டாம் இடம். முதலிடம் காலியாகவே இருக்கட்டும்.

பெப்ரவரி 12

"இளவேனில் சித்திரை, வைகாசியில்தானே? மாசியில் என்னத்தைத் தேடுகிறீர்கள்?" என்று கிளிநொச்சித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பழைய தமிழ்க் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம், சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் தம்பி, வைகாசி மாதத்து முத்தையன்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும், வயல் வரம்பில் கால் வைத்தால் கொதிக்கும். அதில் 'இள' எங்கே இருக்கிறது? எங்கள் பக்கத்தில் இளவேனில் கலண்டருக்கு முந்தி வந்து, கலண்டர் வரும்போது முடிந்துபோகிறது என்று நினைக்கிறேன். இன்னும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். இந்த மாசியும் பங்குனியும் தினமும் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன்.

நான் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். வேலைக்குப் போகும் வழி குளக்கட்டு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்கு அங்கால் காடு. சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம். பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை.

இன்றைய நிலவரம்: காலபோக அறுவடை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மெசின் போன வயலில் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கிறது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது நின்று பல நாளாகிறது. அலைகரையில் தண்ணீர் ஒரு முழம் பின்வாங்கி, ஈரச் சேற்றில் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் நிற்கின்றன.

பெப்ரவரி 16

கிடைத்துவிட்டது. கூழா.

கட்டு முடிந்து காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கூழா மரம் நிற்கிறது. அடியை இரண்டு பேர் கைகோத்தால்தான் பிடிக்கலாம். போன கிழமை முழுக்க அது இலை கொட்டியது, சைக்கிள் சில்லுக்குள் சருகு சிக்கும் அளவுக்கு. நேற்று ஞாயிறு இல்லை, அதனால் அவசரத்தில் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். மரம் முழுதும் சிவப்பு. தூரத்தில் நின்று பார்த்தால் காட்டுக்குள் யாரோ நெருப்பு வைத்தது போலத்தான் இருக்கும். கிட்டப் போய்த் தாழ்ந்த கொப்பு ஒன்றை இழுத்துப் பிடித்தேன். நுனிக்கொத்து ஒன்றில் ஆறு சிற்றிலை, ஒவ்வொன்றும் என் பெருவிரல் அளவு. எண்ணெய் பூசியது போல மினுக்கம். கை பட்டால் இலை என்று தெரியாது, நனைந்த பட்டுத்துணி மாதிரித் தொங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் பலமே இன்னும் வரவில்லை. நுனியில் இரத்தச் சிவப்பு, காம்புப் பக்கம் செம்பு நிறம், நடுநரம்பு மட்டும் வெளிறிய பச்சை. வெயிலுக்குப் பிடித்தால் விரல் நிழல் ஊடாகத் தெரிகிறது.

ஒரு துளி மழை இல்லை. ஒரு மாதமாக இல்லை. இருந்தும் இந்த மரம் புதுச்சேலை கட்டிவிட்டது.

கூழாமுறிப்பு என்று ஒரு ஊர் இந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சின்ன வயதிலிருந்து பஸ் கண்டக்டர் கத்தக் கேட்டிருக்கிறேன். அதற்குள் ஒரு மரம் இருக்கிறது என்று யோசித்ததே இல்லை. புளியங்குளம், இலுப்பைக்கடவை, விளாங்குளம், மருதங்குளம்... வன்னியில் முக்கால்வாசி ஊர் மரமும் தண்ணீருமாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 17

மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அது பூவா இலையா என்று. இலை. கூழாவின் பூ பச்சை மஞ்சளாக, சிறிதாக, கண்ணில் படாத மாதிரி இருக்கும்.

ஏன் சிவப்பு? இளந்துளிரில் பச்சையம் முழுதாக உருவாக நாளெடுக்கும். அதற்கு முன் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி நிறைந்திருக்கிறது. மெல்லிய துளிரைக் கடும் வெயில் பொசுக்காமல் அது காக்கிறது என்கிறார்கள். இலை தின்னும் பூச்சிக்கு அது நல்ல தீனியாகத் தெரியாது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. மாமரத்துத் துளிரும் இதே காரணத்தால்தான் செம்பு நிறம். ஆனால் மந்திகளுக்கு இந்த மறைப்பு செல்லாது. இன்று காலை அதே மரத்தில் பதினொரு மந்தி இருந்தது, கொத்தாகப் பிடுங்கித் தின்றுகொண்டு.

பார்க்க வேண்டுமானால் இந்தக் கிழமைக்குள் பாருங்கள். பத்து நாளில் பச்சையாகிவிடும். பிறகு நூறு மரத்தில் அதுவும் ஒரு மரம்.

பெப்ரவரி 19

முள்முருக்கும் பூத்துவிட்டது. இலையே இல்லாத கொப்பில் சிவப்புப் பூ, அதற்குள் மைனாவும் கிளியும் சண்டை. எங்கள் வேலியில் நின்றது இரண்டு. கலியாணத்துக்குக் கன்னிக்கால் நட என்று அயலார் கொப்பு வெட்டிப் போவார்கள், வெட்ட வெட்ட அது தழைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இலையும் தண்டும் முடிச்சு முடிச்சாக வீங்கி ஒன்று பட்டுப்போனது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குட்டிக் குளவி இலைக்குள் முட்டையிடுவதால் வரும் நோய் அது. மிஞ்சிய ஒன்றுதான் பூத்திருக்கிறது.

பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. திருக்கேதீச்சரம் போய்ப் பாலாவியில் தீர்த்தமாடி, கண் விழித்து, இன்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தோம். சிவராத்திரியோடு பனி சிவ சிவ என்று போய்விடும் என்று அம்மம்மா சொல்லுவா. போகவில்லை. விடிய நாலு மணிக்குக் கோயில் வீதியில் நின்றபோது சால்வையைத் தாண்டிக் குளிர் ஏறியது. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பதும் அதே அம்மம்மா சொன்னதுதான். இரண்டும் எப்படி உண்மையாகும் என்று அப்போதே கேட்டிருக்கிறேன். "மாசி முப்பது நாளடி பிள்ளை, முதல் பதினைஞ்சு வேற, பிறகு பதினைஞ்சு வேற" என்றா.

கூழா பச்சையாகிவிட்டது. பத்து நாள் என்று எழுதியிருந்தேன், பதினொன்று ஆனது.

மார்ச் 4

டொரொன்டோவிலிருந்து அக்கா இரவு கதைத்தா. இந்த இழையை அவவும் வாசிக்கிறா. "உங்களுக்குத்தான் எல்லாம் எப்பவும் பச்சையா இருக்கே, பிறகு என்ன வசந்தம்?" என்று அவவும் அந்த வவுனியாக்காரர் பக்கம்.

சரி, அங்கே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். நிறையச் சொன்னா. மேப்பிள் மரத்துக்கு இந்த நேரம்தான் துளை போட்டுச் சாறு எடுப்பார்களாம். இரவில் உறையும் குளிர், பகலில் அதற்கு மேல் சூடு, இரண்டும் மாறி மாறி வந்தால்தான் சாறு ஓடும். நாற்பது லீட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லீட்டர் பாணி. எங்கள் பனங்கட்டிக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு கறுப்புக் குருவி, தோளில் மட்டும் சிவப்பும் ஓரத்தில் மஞ்சளும். ஏரிக்கரை நாணலில் பனி முழுதும் போக முன்னமே ஆண் குருவிகள் தெற்கிலிருந்து வந்து இடம் பிடித்துக் கத்தத் தொடங்குமாம். பெட்டைகள் சில கிழமை கழித்துத்தான் வரும். அக்கா வேலைக்குப் போகும் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு சதுப்பு இருக்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும் அந்தக் குரலை முதல்முறை கேட்கிற நாளைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறாவாம். அங்கே போய்ப் பதினெட்டு ஆண்டு. இத்தனை நாளும் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

போனை வைத்த பிறகு ஒன்று உறைத்தது. அக்காவின் வசந்தத்தில் எல்லாம் வருகின்றன. குருவி வருகிறது, பூ வருகிறது, தண்ணீர் உருகி வருகிறது. நானும் இங்கே வருவதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். அது சரிதானா?

மார்ச் 5

மழையே இல்லாமல் மரம் எப்படித் துளிர்க்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்று நாளாக அதைப் பற்றி வாசித்தேன்.

வெப்பநாட்டு உலர் காடுகளில் பல மரங்கள் கோடையின் நடுவில், முதல் மழைக்குப் பல கிழமைக்கு முன்பே துளிர்க்கின்றன. பகல் நீள்வதை மரம் உணர்கிறது என்பதுதான் அதற்கு ஆய்வாளர் கொடுக்கும் விளக்கம். பகல் அரை மணித்தியாலம், அதற்கும் குறைவாக நீண்டாலே சில மரங்களுக்குப் போதுமாம். வன்னி 9 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் சொச்சமும். அக்காவின் ஊரில் ஆறரை மணித்தியாலம். எங்களுக்கு மார்கழியிலிருந்து பங்குனி வரை கூடுவது அரை மணித்தியாலம்தான். நீங்களும் நானும் அதைக் கவனிப்பதில்லை, கூழா கவனிக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து? ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்தது ஆழத்தில் இருக்கிறது. பழைய இலையைக் கொட்டினால் ஆவியாகப் போவது நிற்கும், வேர் உறிஞ்சியது கொப்புக்கு ஏறும், மொட்டு உடையும். பூச்சி குறைவான காலம், வானத்தில் முகிலில்லை, வெயில் தாராளம். யோசித்தால் மரம் செய்வது சரியான வேலை. மழை தொடங்கும்போது துளிர்த்தால் பூச்சியும் கூடவே வந்துவிடும்.

ஆகவே வவுனியா அண்ணை, மாரி ஒன்று கோடை ஒன்று என்றீர்கள். அந்தக் கோடைக்குள்ளேதான் வசந்தம் இருக்கிறது. மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் தெரியாது.

மார்ச் 11

இன்று எழுதப்போவது தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகும்.

2010 மாசியில் நாங்கள் முகாமிலிருந்து வளவுக்குத் திரும்பினோம். கூரை இல்லை, நிலைக் கதவு இல்லை, தென்னையில் எட்டில் ஆறு தலையில்லாமல் நின்றன. கண்ணிவெடி எடுத்த இடத்துக்குச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தார்கள், அதற்கு அங்கால் போக விடவில்லை. கிணற்றடி வேம்பு நெஞ்சு உயரத்தில் முறிந்து, ஒரு பக்கம் கருகிக் கிடந்தது. அப்பா அதைத் தறித்து அடுப்புக்கு வைப்போம் என்றார். கோடாலி இல்லாதபடியால் அன்று தறிக்கவில்லை. அடுத்த நாள் தண்ணீர் அள்ளப் போன அம்மா கூப்பிட்டா. கருகாத பக்கத்துப் பட்டை வெடித்து, நெல்மணி அளவில் செம்பு நிற முளை, வரிசையாக ஏழோ எட்டோ. அம்மா விரலால் தொடவும் பயந்து, கிட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்தா. அந்த முளைகளுக்கும் மழை பெய்திருக்கவில்லை.

இந்த மரத்தில்தான் இப்போது குயில் கூவுகிறது. பதினைந்து ஆண்டுக்கு மரம் மளமளவென்று வளர்ந்துவிட்டது, முறிந்த இடம் ஒரு வீக்கமாக மட்டும் தெரிகிறது. நான் முதல் நாள் குயில் என்று சொன்னது குயிலுக்காக இல்லை போலிருக்கிறது. அந்த மரத்துக்காக.

மார்ச் 15

நேற்றைய மறுமொழிகளுக்கு நன்றி. ஒவ்வொருவர் வளவிலும் ஒரு மரம் இப்படி நின்றிருக்கிறது. விசுவமடுவில் ஒருவர் வீட்டு மாமரம், மாங்குளத்தில் ஒருவருக்குப் புளி. எல்லாவற்றையும் வாசித்தேன்.

பங்குனி பிறந்துவிட்டது. வேம்பு இலை கொட்டி முடித்து, துளிரோடு சேர்த்து மொட்டும் வைத்திருக்கிறது. இன்னும் பத்து நாளில் பூக்கொட்டும். விடியற்காலை முற்றம் கூட்டும்போது அந்த வாசம், தேன் மாதிரியும் இல்லை, மல்லிகை மாதிரியும் இல்லை, லேசாகக் கசப்பு கலந்த இனிப்பு. படங்கை முதல் நாள் இரவே மரத்தடியில் விரித்து வைத்தால் மண் படாமல் பூ எடுக்கலாம். உழுந்து மாவும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து வடகம் தட்டி வெயிலில் காயவைக்க இதுதான் நேரம். பூ கூடினால் கைக்கும், மா கூடினால் சப்பென்று போகும். எங்கள் வீட்டுக் கணக்கு ஒரு சுண்டு மாவுக்கு இரண்டு சுண்டு பூ. அம்மா மூன்று போடுவா, அது எனக்கு ஒத்துவராது.

பனையிலும் பாளை வந்துவிட்டது. கருப்பணி குடிக்க ஆசைப்படுபவர்கள் விடிய எழும்ப வேண்டும்.

மார்ச் 22

இரவு இலுப்பையடிக்குப் போனேன். தனியாக இல்லை, மகனும் பக்கத்து வீட்டு அப்புவும். அப்புவுக்கு எண்பது நெருங்குகிறது, யானை வந்தால் சத்தம் எந்தப் பக்கமிருந்து என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

"நீ கூழா கூழா எண்டு எழுதிறியாம். எங்கட காலத்தில இலுப்பைதான் பிள்ளை கணக்கு" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி, காட்டுங்கள் என்றேன்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மரம். இருட்டில் முதலில் வாசம்தான். புளித்த மாவும் சீனியும் கலந்தது போல. பிறகு மேலே தோல் செட்டை அடிபடும் சத்தம், பழந்தின்னி வௌவால்கள். ஒவ்வொன்றும் கொத்தில் தொங்கி, மூஞ்சியைப் பூவுக்குள் வைத்து, அடுத்த கொத்துக்குப் போகிறது. போகும்போது மகரந்தத்தையும் கொண்டுபோகிறது. இலுப்பைக்கு அவைதான் வண்டு. டோர்ச் அடிக்க அப்பு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. பிறகு 'டப்... டப்' என்று கீழே விழத் தொடங்கியது. பூ. எடுத்துப் பார்த்தால் பூ மாதிரியே இல்லை, ஊதி வைத்த முத்து மாதிரி, வெண்மஞ்சள், விரலுக்குள் அமுக்கினால் சாறு. மகன் ஒன்றை வாயில் போட்டான். "அம்மா, இது புளிச்ச திராட்சை!" என்றான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "அப்ப எங்கட ஊருக்கு ஆலை வேண்டாம்" என்றான். அப்பு சிரித்த சிரிப்பில் வௌவால் நாலைந்து கலைந்து பறந்தது.

அப்பு சொன்ன கணக்கு இது. இலுப்பைப்பூ விழத் தொடங்கினால் விதைநெல்லைக் காயவைத்துக் கட்ட வேண்டும். பூ முடிய, சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி செய்யலாம் என்று குளத்தில் தண்ணீர் பார்க்க வேண்டும். அவருக்கு வசந்தம் வேடிக்கை பார்க்க வருவதில்லை, வேலை சொல்ல வருகிறது.

மார்ச் 23

இலுப்பை முதலா, கூழா முதலா என்று சண்டை வேண்டாம். கூழா ஒரு மாதம் முந்திவிட்டது. அப்புவிடமும் சொல்லிவிட்டேன். "அது காட்டு மரம், நான் சொன்னது ஊர் மரம்" என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

குயில்கள் இப்போது உண்மையாகவே போட்டி போடுகின்றன. மூன்று வளவு, மூன்று குயில். காகம் சுள்ளி தூக்கத் தொடங்கிவிட்டது, அதன் கூட்டைத்தான் அவை பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொன்று. ஓணான். வேலிக் கதியாலில் இருந்த ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் மிளகாய்ப்பழச் சிவப்பு. பெட்டைக்குக் காட்டத்தான் அது. இனப்பெருக்கக் காலம் முடிய வெளிறிவிடும். மகன் குறிப்பிட்டு எழுதச் சொன்னான்.

மார்ச் 29

அக்காவோடு கதைத்த அன்று வந்த யோசனைக்கு இன்று திரும்பி வருகிறேன்.

மாரி தொடங்கும்போது இங்கே வந்த தகைவிலான் குருவிகள், வயலுக்கு மேலாகச் செல்லும் மின்கம்பியில் மாலையில் வரிசையாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் கம்பிக்குருவி என்பார்கள். மகனும் நானும் ஒரே இரண்டு தூணுக்கு இடையில் இருப்பதை மட்டும் எண்ணி வந்தோம். மாசி நடுவில் 140. போன கிழமை 60. நேற்று 11. இன்று 4. அந்த நாலும் கம்பியில் இருப்புக் கொள்ளாமல் எழும்பி எழும்பிச் சுற்றின.

மன்னாரிலும் இதேதான். வங்காலை சரணாலயம் 2010இல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ் அறிவிக்கப்பட்ட இடம், மத்திய ஆசியப் பறவை வழியின் தெற்குத் தொங்கல். மாரியில் ஊசிவால் வாத்தும் உள்ளான்களும் அங்கே ஆயிரமாயிரமாக இருக்கும். சிவராத்திரிக்குப் போன அன்று பஸ் யன்னலால் பார்த்தபோதும் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் இருக்கும் மச்சாள் இப்போது அனுப்பிய படத்தில் வெறும் தண்ணீர் மினுங்குகிறது. மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டி விட்ட கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவப் பக்கம் வரை போனதை ஆய்வாளர் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அங்கே பனி உருக, இங்கே இருப்பவைக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அதைத்தான் சொல்ல வந்தேன். அக்காவின் ஊரில் வசந்தம் என்றால் பறவை வரும். இங்கே வசந்தம் என்றால் பறவை போகும். நான் இத்தனை நாளும் என்ன வந்தது, என்ன வந்தது என்று பார்த்தேன். என்ன இல்லாமல் போகிறது என்பதையும் பார்த்திருக்க வேண்டும். கூழாவும் இலையை விட்டபிறகுதான் சிவந்தது. அலைகரையில் தண்ணீர் போனபிறகுதான் நாரைக்கு மீன் கிடைத்தது.

ஏப்ரல் 2

கூழா மரத்தைத் தறித்துவிட்டார்கள். பாதை அகலிப்பு வேலை. காலையில் போகும்போது கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், மாலையில் வரும்போது துண்டு துண்டாகக் கிடந்தது. யாருடைய உத்தரவு என்று கேட்டேன், ஒருவர் மற்றவரைக் காட்டினார். அடிமரத்தின் வெட்டு முகம் செம்மண் நிறம், ஈரமாக இருந்தது. கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மாரி பெய்த தண்ணீர்.

இன்று வேறு ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 6

காட்டுக்குள் இன்னும் கூழா உண்டு, விதை எடுத்து முளைக்கப் போடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். காய் பழுக்கட்டும், போடுவேன். எங்கள் வளவின் மேற்கு மூலையில் இடம் இருக்கிறது.

ஆறுமணிக்குருவி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்ட அக்காவுக்கு: அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பச்சை முதுகு, நீலத்தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. இத்தனை நிறம் இருந்தும் பார்ப்பது அருமை, சருகுக்குள் குதித்துத் திரியும். குரல்தான். விடிய ஆறு, பின்னேரம் ஆறு, இரண்டு சீழ்க்கை, ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். புரட்டாசி, ஐப்பசியில் இந்தியாவிலிருந்து வந்து மாரி முழுக்க எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தை அம்மா அதைக் கேட்டுத்தான் கணக்குப் பார்ப்பா. இந்தியாவில் தென்மேல் பருவமழைக்குக் கூடு கட்ட அது கிளம்ப வேண்டும். சித்திரைக்குள் போய்விடும். இன்று கூவியது.

ஏப்ரல் 13

மத்தியானம் பன்னிரண்டு பத்துக்குக் கிட்ட முற்றத்தில் ஒரு உலக்கையை நிமிர்த்திப் பிடித்தோம். நிழல் இல்லை. உலக்கையின் அடியில் ஒரு கறுப்பு வளையம், அவ்வளவுதான். இந்த இரண்டு மூன்று நாளும் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில். மகன் தன் நிழலைத் தேடி முற்றம் முழுக்க ஓடினான்.

நாளைக்குப் புதுவருடம். மருத்துநீர் கோயிலிலிருந்து வந்துவிட்டது. தலைக்கும் காலுக்கும் வைக்கப் பஞ்சாங்கத்தில் சொன்ன இலையையும் ஆய்ந்து வைத்திருக்கிறோம். கலண்டரில் நாளைதான் இளவேனில் பிறக்கிறது.

ஆறுமணிக்குருவி 11ஆம் திகதி பின்னேரம் கூவியது. நேற்று இல்லை.

ஏப்ரல் 15

நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு மேற்கே கறுத்து, இடி இடித்து, இருபது நிமிடம் கொட்டித் தீர்த்தது. முதல் சித்திரை மழை. மண் வாசம் எழும்ப, இரவு விளக்கடியில் ஈசல் வந்து விழுந்தது. வேப்பம்பூ முழுக்கத் தண்ணீரில் அடிபட்டுப் போய்விட்டது, படங்கில் கிடந்ததை மட்டும் தப்ப வைத்தோம்.

கம்பியில் குருவி இல்லை. அக்கா இரவு எடுத்து, தரிப்பிடத்துச் சதுப்பில் கறுப்புக்குருவிப் பெட்டைகளும் வந்துவிட்டன என்று சொன்னா.

ஆறு மணிக்கு அம்மா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றா. பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு ஏற்றினா.